பூட்டு படத்துக்கா, போனுக்கா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர், கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டதால் தன் பழைய போனின் பூட்லோடரை (போன் எழும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று பார்க்கும் காவல் நிரல்) திறந்து, லினியேஜ்ஓஎஸ் என்ற கட்டற்ற ஆண்ட்ராய்டு வடிவத்தைப் போட்டிருக்கிறார். போன் புதுசு போல ஓடுகிறது. ஆனால் ஓடிடி ஆப்பில் படம் மங்கலாகத்தான் வருகிறது, வங்கி ஆப் திறக்கவே மறுக்கிறது. "காசு கொடுத்து வாங்கிய என் போனில் எனக்கே தடையா? கூடத் தங்கியிருக்கும் நண்பன் குறும்படம் எடுப்பவன். பூட்டு இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்கிறான். யார் சொல்வது நியாயம்?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாடகைக்குக் கொடுக்கும் படத்துக்குப் பூட்டு போடலாம். அந்தப் பூட்டைச் சாக்கிட்டு போனையே பூட்டக்கூடாது, விற்ற பொருளையும் பூட்டக்கூடாது. பெங்களூரில் போன் சிப்புகளில் வீடியோ ஓடவைக்கும் மென்பொருள் எழுதும் குழுவில் பல வருடம் இருந்தவன் நான். இந்தப் பூட்டுகளை மாட்டும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் போனில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். ஓடிடி படம் உங்கள் போனுக்குக் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் வருகிறது. ஆண்ட்ராய்டில் அதைத் திறக்கும் ஏற்பாட்டின் பெயர் வைட்வைன். அந்தப் பெயரில் இருந்த கம்பெனியை 2010-இல் கூகுள் வாங்கியது. போனின் சிப்பைப் பழைய காலத்து வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், முன்கட்டும் பின்கட்டும் உண்டு. முன்கட்டில் ஆண்ட்ராய்டும் நீங்கள் போடும் ஆப்களும் இருக்கின்றன. பின்கட்டு தனி. ஏஆர்எம் சிப்புகளில் அதற்கு டிரஸ்ட்ஸோன் என்று பெயர். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக ஒரு சாவியை அந்தப் பின்கட்டில் வைத்துவிடுகிறார்கள். அதைக் கீபாக்ஸ் என்போம். படத்தைப் பிரிப்பதும் பின்கட்டிலேயே நடக்கிறது, பிரித்த காட்சிகள் முன்கட்டுப் பக்கமே வராமல் நேராகத் திரைக்குப் போகின்றன. ஓடிடி ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படி முழுக்கப் பின்கட்டில் நடந்தால் அது எல்1. எல்லாமே வெறும் மென்பொருளால் முன்கட்டில் நடந்தால் அது எல்3. எல்3 என்று தெரிந்தால் பெரிய ஓடிடி கம்பெனிகள் எச்டி தருவதில்லை, 480 வரிகளை ஒட்டிய தரத்தில் நிறுத்திவிடும்.

ஒரு முறை எங்கள் லேபில் சோதனைக்கு வந்த போன்களில் ஒரு பெட்டிக்கு மட்டும் கீபாக்ஸ் ஏற்றுவது விட்டுப்போயிற்று. இரண்டு போன்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே காட்சியை ஓட்டினோம். அதே சிப், அதே திரை. ஒன்றில் நடிகரின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. இன்னொன்றில் மீசை எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அந்தச் சாவி ஓர் எண்தான், அது இல்லாததால் வந்த வித்தியாசம். உங்கள் போனுக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் பூட்லோடரைத் திறந்து மாற்றியது முன்கட்டை மட்டும். பெரும்பாலான போன்களில் பின்கட்டு மென்பொருள் சிப் கம்பெனியின் கையொப்பத்தோடுதான் தொடங்கும், அதை நீங்கள் தொட்டிருக்கவே முடியாது. பின்கட்டு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், முன்கட்டில் யார் குடியிருந்தாலும் சாவி பத்திரமாக இருக்க வேண்டும். பிரித்துக் கட்டியதே அதற்காகத்தானே. அப்படியும் பல தயாரிப்பாளர்கள் பூட்லோடர் திறந்த அந்த நொடியே எல்1 சாவியை முடக்கிவிடுகிறார்கள். மறுதரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும்: பின்கட்டிலும் ஓட்டைகள் இருந்திருக்கின்றன, முன்கட்டு முழுக்க ஒருவர் கையில் இருந்தால் அந்த ஓட்டையைத் தேடுவது சுலபம். உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைப்பது கட்டியவர் வேலை. குடியிருப்பவரைச் சந்தேகப்பட்டு வெளியேற்றுவது அதற்கு வழி ஆகாது.

பூட்டு தன் எல்லையை எப்படித் தாண்டும் என்பதற்குத் தெளிவான உதாரணம் சோனியின் சில பழைய எக்ஸ்பீரியா போன்கள். அவற்றில் பூட்லோடரைத் திறந்தால் டிஆர்எம் (நகல் எடுப்பதைத் தடுக்கும் இந்தப் பூட்டு ஏற்பாடுகளின் பொதுப்பெயர்) சாவிகள் அழிந்துவிடும், கேமராவின் சில வசதிகளும் கூடவே போகும். வெளிச்சம் குறைவான இடத்தில் எடுக்கும் போட்டோவில் புள்ளி புள்ளியாகத் தெரிவதைச் சரிசெய்யும் மென்பொருளும் அந்தச் சாவியோடு கட்டப்பட்டிருந்தது. தன் குழந்தையை இருட்டில் போட்டோ எடுப்பவருக்கும் திருட்டுப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

வங்கி ஆப் விஷயம் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்கி பார்ப்பது உங்கள் பணத்தின் பத்திரம். ரூட் செய்த, அதாவது முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட போனில் ஒரு கெட்ட ஆப் நுழைந்தால் கடவுச்சொல்லைத் திருடலாம் என்ற பயம் நிஜமானது. ஆனால் வங்கி ஆப்புகள் பலவும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையை அப்படியே பயன்படுத்துகின்றன. அந்தச் சோதனை கேட்கும் கேள்வி, "இது கூகுள் சான்று கொடுத்த மென்பொருளா?" என்பது. "இது பாதுகாப்பான போனா?" என்று அது கேட்பதில்லை. ஐந்து வருடமாக ஒரு அப்டேட்டும் வராத ஓட்டைப் போன் அதன் வழக்கமான சோதனையில் தேறிவிடலாம், போன மாதத் திருத்தம் வரை போட்ட உங்கள் லினியேஜ் போன் தேறாது. இரண்டு வெவ்வேறு கவலைகளுக்கு ஒரே பூட்டு போட்டதன் விளைவு இது.

சரி, இப்போது உங்கள் நண்பர் பக்கம். அவரை நான் தள்ளிவிட மாட்டேன். திருட்டு விசிடி காலத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள். வெள்ளிக்கிழமை வந்த படம் சனிக்கிழமை சிவாஜிநகர் நடைபாதையில் கிடைத்த காலம் அது. தமிழ்நாட்டில் அதற்காகக் குண்டர் சட்டத்தையே 2004-இல் திருத்தினார்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில் திருட்டுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகக்கூடிய அபராதமும் இருக்கின்றன. கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு இந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டிஆர்எம் அவருக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காது என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். திருடுகிறவர்களில் ஒரே ஒருவர் உடைத்தால் போதும். உடைத்த கோப்பில் பூட்டே கிடையாது, அது டெலிகிராமில் ஆயிரம் கைகளுக்குப் போய்விடும். அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட வைட்வைனைப் பார்த்திருக்க மாட்டார். பூட்டோடு மல்லுக்கட்டுவது காசு கட்டியவர் மட்டும்தான். எல்3 பூட்டை 2019 தொடக்கத்திலேயே ஓர் ஆய்வாளர் உடைத்துக் காட்டினார், வைட்வைன் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது. ஏன் என்றால் அதன் உண்மையான பயன் வேறு: மாதம் 149 ரூபாய் கட்டுகிறவர் எல்லாப் படத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் சந்தாவை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது. அது வாடகைக் கணக்கு. எங்கள் சின்ன வயதில் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் பத்து பைசா கொடுத்து நாவல் எடுத்தால் மூன்றாம் நாள் திருப்பித் தர வேண்டும். அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. ஓடிடியின் பூட்டும் அந்த ரகம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விற்ற பொருளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதை எனக்குப் புரியவைத்தவர் அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு ஐயா. துரவாணிநகர் ஐடிஐ தொழிற்சாலையில் டெலிபோன் செய்து ஓய்வு பெற்றவர். விழித்திரையில் கோளாறு வந்து சின்ன எழுத்தைப் படிக்க முடியாமல் போனபோது, அவர் மகள் ஒரு மின்னூல் ஆப் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதற்காக அவர் காசு கொடுத்து 43 தமிழ்ப் புத்தகங்கள் வாங்கினார். பார்வை இன்னும் மங்கியதும் போன் வாசித்துக் காட்டட்டும் என்று, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் டாக்பேக் வசதியைப் போட்டுப் பார்த்தோம். பக்கம் திறக்கும், "படம்" என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுத்துகளையே படமாக்கித் திரையில் காட்டும் ஆப் அது. அப்புறம் ஒரு நாள் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். மின்னஞ்சலில் ஒரு மாத அவகாசம் சொல்லியிருந்தார்களாம், மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. என்னைக் கூப்பிட்டார். ஃபைல் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். 43 கோப்புகளும் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று எம்பி. தட்டினால் சாவி கேட்டு சர்வரைத் தேடும், சர்வர் இல்லை. "நாங்க செஞ்ச போனைத் திறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும் தம்பி. இதை எதைக் கொண்டு திறக்கிறது?" என்று கேட்டார். பதில் தெரிந்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

இது எங்கோ ஒரு சின்னக் கடைக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2009 ஜூலையில் அமேசான், விற்ற இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று பிறகு தெரிந்ததுதான் காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போய்விட்டன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டப்படி, உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு "வாங்குங்கள்" என்று பட்டன் வைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கும் அது வேண்டும் என்பேன்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இதைப் பலர் அமெரிக்கச் சட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டம், பூட்டை உடைப்பதையே பொதுவாகக் குற்றமாக்கியது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டும், ஸ்மார்ட்போனை ஜெயில்பிரேக் செய்ய (கம்பெனி போட்ட தடையை நீக்க) விதிவிலக்கு கிடைத்ததே 2010-இல்தான். இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு வேறு மாதிரி. காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம், இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காக உடைப்பதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. அடுத்தவருக்கு உடைத்துக் கொடுப்பவர் மட்டும் அவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை, ஆனால் அந்தப் பிரிவைப் படித்தால் எழுதியவர்கள் வாசகரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அதே திருத்தம் இடம் கொடுத்தது. அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா.

குறை எங்கே என்றால், உரிமை இருக்கிறது, சாவி கொடுக்கச் சொல்லும் கட்டாயம் இல்லை. ஐயாவுக்குப் புத்தகத்தை வாசிக்கக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் சாவியைத் தராவிட்டால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை.

இன்னொன்றும் பூட்டுக்குத் தெரியாது: காலக்கெடு. நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. கல்கி 1954-இல் மறைந்தார், அவர் எழுத்துக்கான கெடு 2014-ஓடு முடிந்தது (தமிழக அரசு அதற்கு முன்பே அதை நாட்டுடைமை ஆக்கியிருந்தது). பாரதி பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949-இல் வாங்கியது, தன்னிடம் இருந்த ஒலிபரப்பு உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னால் அரசு அந்தப் பாடல்களை மக்களுக்கே பொதுவாக்கியது. ஒரு மொழி தன் கவிஞனைச் சட்டம் போட்டு மீட்டுக்கொண்ட கதை அது. அதே பாடல்களைப் பூட்டு போட்ட மின்னூலாக இன்று ஒருவர் விற்கலாம். சட்டம் எப்போதோ திறந்துவிட்ட கதவு அங்கே மூடியே கிடக்கும். பூட்டுக்கு ஆயுள் வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உரிமை முடியும் நாளிலோ, கடை மூடும் நாளிலோ, எது முந்தியோ அன்றைக்கு அது தானே திறக்க வேண்டும். சாவியை ஒரு நூலகத்திடமோ நடுநிலை அமைப்பிடமோ ஒப்படைத்து வைத்தால் இதைச் செய்துவிடலாம், நுட்ப ரீதியாகக் கஷ்டமே இல்லை.

போன் விஷயத்திலும் நல்ல முன்மாதிரி இருந்தது. 2009-இல் நோக்கியா தன் லினக்ஸ் போன்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வடிவமைத்தபோது இரண்டு நிலைகள் வைத்தது. கம்பெனி மென்பொருளோடு இருந்தால் டிஆர்எம் படங்கள் ஓடும். சொந்தக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) போட விரும்பினால் திறந்த நிலைக்குப் போகலாம், அங்கே பூட்டிய பொருள் மட்டும் ஓடாது, மற்றபடி போன் உங்களுடையது. அந்த உடன்பாட்டில் எனக்கு முழுச் சம்மதம். எதை இழக்கிறோம் என்று முன்கூட்டியே தெரியும், இழப்பதும் கடைக்காரருடைய பொருளை மட்டும்தான். அந்தப் போன்கள் சந்தையில் நிற்கவில்லை. ஆனால் அந்த யோசனை தோற்றதற்கு யோசனை காரணம் இல்லை.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் போடுவதற்கும் அதை எழுதியவர் கூகுளிடம் அடையாளம் காட்டியிருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு வழி விடுவதாகச் சொன்னார்கள். காரணமாக மோசடியைச் சொல்கிறார்கள், மோசடி நிஜம்தான். ஆனாலும் எஃப்-டிராய்டு போன்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியங்களுக்கு இதனால் வரும் சிரமத்தை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது: லினியேஜை நீக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத போனில் பணம் வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. வங்கி ஆப்புக்குத் திறக்காத சாதாரணப் போன் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கம்ப்யூட்டர் பிரவுசரில் நெட் பேங்கிங் செய்யுங்கள். ஓடிடியை டிவியிலோ வேறு கருவியிலோ பாருங்கள். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் "எல்1 திரும்ப வரவைத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரிடம் போக வேண்டாம். வேறொரு போனிலிருந்து கசிந்த சாவியை அவர் போட்டுக் கொடுத்தால், அது கண்டுபிடிக்கப்பட்டு ரத்தாகும் நாளில் பழைய இடத்துக்கே வருவீர்கள், சட்டப்படியும் வம்பு. அடுத்த போன் வாங்கும் முன் பூட்லோடரை அதிகாரபூர்வமாகத் திறக்க விடுகிறார்களா, திறந்தால் எது போகும் என்று பார்த்து வாங்குங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு 1998-இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டமும், கிரியேட்டிவ் காமன்ஸில் மின்னூல் வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இருக்கின்றன. எதிர்வீட்டு ஐயாவுக்கு அங்கிருந்துதான் இறக்கிக் கொடுத்தேன். இப்போது போன் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது, காலை நேரத்தில் ஜன்னல் வழியே எங்களுக்கும் கேட்கும்.

உங்கள் நண்பருக்கு: 2009-இல் ஆப்பிள் ஐடியூன்ஸ் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்தது, பாட்டு விற்பது நின்றுபோகவில்லை. 2012-இல் டோர் என்ற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் மின்னூல்களிலிருந்து எடுத்தது. ஒரு வருடம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். படத்தை விற்கும் பக்கத்தில் இரண்டு பட்டன் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று 48 மணி நேர வாடகை, குறைந்த விலை, அதற்குப் பூட்டு இருக்கட்டும். இன்னொன்று சொந்தம், கொஞ்சம் கூடுதல் விலை, வாங்கியவர் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறியாகப் பொதித்த பூட்டில்லாத கோப்பு. நீர்க்குறி இருப்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடட்டும். படம் முடிந்ததும் லிங்க் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டாவது பட்டனில் நான் வாங்கிக்கொள்கிறேன்.